இரண்டு கையும் உள்ளே

எமில்டா வலது கையை முதலில் விட்டாள். கூண்டின் முகப்பில் சட்டைக்கை மாதிரி தைத்திருந்த வெள்ளைத் துணிக்குழாய்க்குள் முழங்கை வரைக்கும் நுழைத்து, உள்ளே போனதும் விரல்களை விரித்து ஊன்றி வைத்துக்கொண்டாள். அப்புறம் இடது கையை இடப்பக்கத்துக் கூண்டில். வழக்கமாக ஒரு கைதான். இன்றைக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய இன்னொரு பெண்ணுக்குச் சளி. மூக்கு ஒழுகினாலே இந்த அறைக்குள் விடமாட்டார்கள். அதனால் அவளுடைய கூண்டும் எமில்டா தலையில் விழுந்தது. ரமீஜாக்காதான் இரண்டு துணியையும் முழங்கைக்கு மேலே ரப்பர் வளையம் போட்டு இறுக்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "கால் மணி நேரந்தான் எமி, கண்ண மூடி ஒக்காந்துக்கோ," என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த மேசைக்குப் போய் கொசு முட்டை ஒட்டியிருந்த தாள்களைப் பிரித்து அடுக்க உட்கார்ந்தாள். அறை வெக்கையாகவும் ஈரமாகவும் இருந்தது. கொசுவுக்கு எந்தச் சூடு பிடிக்குமோ அந்தச் சூடு; ஆளுக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நேற்றிலிருந்து சர்க்கரைத் தண்ணீரை நிறுத்திப் பட்டினி போட்டிருந்த பெண் கொசுக்கள் ஆள் வாடை உள்ளே வந்த உடனேயே வலைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தன. காலில் வெள்ளை வரி போட்ட கொசு. தூத்துக்குடியில் அதைப் படத்தில் காட்டினால் பால்வாடிப் பிள்ளைகூட டெங்குக் கொசு என்று சொல்லும். ஒன்று மணிக்கட்டின் உள்பக்கம், நரம்பு பச்சையாகத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, பின்னங்காலைத் தூக்கி, தலை குனிந்து, எதையோ யோசிக்கிற மாதிரி கொஞ்சம் நின்றது. அதற்குள் புறங்கையில் நாலைந்து. அதற்குள் எண்ண முடியாமல் போயிற்று.

கடி தனித்தனியாக இருந்தது போய் எல்லாம் சேர்ந்து ஒரே சூடாக, ஒரே அரிப்பாக முழங்கை வரைக்கும் ஏறுகிற நேரம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிவிட்டால் கை தன்னுடையது இல்லை, யாருடைய கையையோ கூண்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி ஆகிவிடும். வந்த புதிதில் கை தடித்துத் தடித்து இட்லி மாதிரி வீங்கியது. இப்போது உடம்பு பழகிவிட்டது, சாயங்காலத்துக்குள் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியாக வற்றிவிடுகிறது. உடம்பு எதற்கும் பழகிவிடும் போல, அப்படியென்றால் தம்பி தனிசுடைய உடம்பு மட்டும் ஏன், என்று நினைப்பு ஒரு அடி எடுத்து வைத்தது. வேண்டாம், அங்கே போகாதே என்று இழுத்துப் பிடித்தாள். இரண்டு கையும் உள்ளே இருக்கும்போது அங்கே போகக் கூடாது, போனால் கண்ணைத் துடைக்கக்கூடக் கை கிடையாது. கண்ணை நினைத்ததும் மூக்கு நுனி அரித்தது. இரண்டு கையையும் ஆயிரம் வாய் கடித்துக்கொண்டிருக்க, ஒரு கொசுவும் தொடாத மூக்கு அரிக்கிற அரிப்பு இருக்கிறதே. முகத்தைக் கோணி, மேலுதட்டை மடக்கி மூக்கில் தேய்த்துப் பார்த்தாள். ரமீஜாக்காவைக் கூப்பிடலாம், கூப்பிட்டு, அக்கா என் மூக்கைச் சொறிந்துவிடு என்று எப்படிச் சொல்வது. சொல்லாமல் வேறு எதையாவது நினைக்கலாம். கொசுவை நினை. கொசுவின் வயிற்றுக்குள் இருப்பதை நினை. கொசு வளர்க்கிற இந்த இடத்துக்கு வந்த முதல் வாரத்தில் கோமளா மேடம் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்களே, அதை நினை. இந்தக் கொசுவின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு பாக்டீரியா இருக்கிறது, வோல்பாக்கியா என்று பெயர். பழ ஈயிடம் இருந்ததை எடுத்து, முடியைவிட மெல்லிய ஊசியால் கொசு முட்டைக்குள் குத்தி ஏற்றி, எத்தனையோ முட்டை செத்து, கடைசியில் ஒன்றில் பிடித்துக்கொண்டதாம். அது உள்ளே இருக்கிற கொசுவுக்குள் டெங்குக் கிருமி பெருக முடியாது. அதனால் இதுகளை வளர்த்து ஊருக்குள் விட்டால், ஊர்க் கொசுவோடு கலந்து, கொஞ்ச காலத்தில் ஊர்க் கொசு எல்லாமே இதுவாக மாறிவிடும். கொசு இருக்கும், கடிக்கும், டெங்கு வராது. மேடம் சொல்லும்போது அவ்வளவுதானா என்று இருந்தது. அவ்வளவுதான்.

அந்த பாக்டீரியா வெளியே வந்தால் செத்துப்போகும், உயிரணுவுக்குள்தான் அதற்கு உயிர் என்று மேடம் சொன்னதுதான் எமில்டாவுக்கு மறக்கவில்லை. உள்ளேயே பிறந்து உள்ளேயே பெருகி, தாயின் முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். தகப்பன் வழியாகப் போகாது. தாய் வழி மட்டும்தான். அம்மாவிடமிருந்து தனக்கு என்ன வந்தது என்று யோசித்தால் அம்மாவின் மூக்கு, அம்மாவின் சுருட்டை முடி, அப்புறம் அம்மாவின் பயம். தனிசுக்குப் பயமே வரவில்லை. தனிஸ்லாஸ் என்று ஞானஸ்நானப் பெயர், வீட்டில் தனிசு. எமில்டாவைவிட எட்டு வயது இளையவன். அப்பா இறந்தபோது அவன் இடுப்பில் இருந்தான், அம்மாவின் இடுப்பில் பாதி, இவளுடைய இடுப்பில் பாதி. மழைத் தண்ணீரில் கால் வைக்காதே என்றால் வேண்டுமென்றே குதிப்பான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில்தான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. போகாதே என்று சொன்ன இடத்துக்கே நினைப்பு திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது, கதவு தெரிந்த மாடு மாதிரி. காய்ச்சல் வந்ததையோ ஆஸ்பத்திரியில் சேர்த்ததையோ கூட நினைத்துக்கொள்ளலாம். அவனுக்குக் காய்ச்சல் விட்ட காலையைத்தான் நினைக்க முடியாது. நெற்றி குளிர்ந்து கிடந்தது, எழுந்து உட்கார்ந்து, பசிக்குதும்மா என்றான். அம்மா ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தமாக, மாதாவே என்று அழுதாள், கஞ்சி வைத்துக் கொண்டுவர வீட்டுக்கு ஓடினாள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார்; ஆனால் பசிக்கிறது என்று கேட்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு யார் அதை நினைப்பார்கள். அம்மா கஞ்சித் தூக்கோடு திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள்.

அதற்கு அப்புறம் வீடு வீடாக இல்லை. தூத்துக்குடியில் குழாய்த் தண்ணீர் நினைத்தபோது வருவதில்லை, எல்லா வீட்டிலும் டிரம்மில் பிடித்துத்தான் வைப்பார்கள். துக்கத்துக்கு வந்த ஜனம் போன பிறகு சுகாதாரத்துறைப் பெண்கள் டார்ச் விளக்கோடு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். டிரம்மில் எதுவும் இல்லை. ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில் புழு நெளிந்தது. அந்த ஃபிரிட்ஜை அம்மா அன்றைக்கே தெருவில் இழுத்துப் போட்டாள். ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தாள், வாசலுக்கு வலைக்கதவு, அதற்கு உள்ளே இன்னொரு திரை. கட்டிலுக்கு வலை. டிரம் வாய்க்குச் சேலையை நாலாக மடித்துக் கட்டினாள். கொசு மட்டையை இடுப்பில் செருகிக்கொண்டே சமைத்தாள், செபமாலை சொல்லும்போதும் மட்டை மடியில் இருந்தது. எங்காவது ஒன்று சிக்கி 'பட்'டென்று எரிந்தால், எரிந்த வாடை வீடு முழுக்கப் பரவ, அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். எமில்டாவைச் சாயங்காலம் வெளியே விடுவதில்லை. புன்னக்காயலிலிருந்து ஒரு வரன் வந்தது, நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள்; வீட்டைச் சுற்றி ஆறும் உப்பங்கழியும் என்று அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். மொட்டை மாடியில் அம்மா வைத்திருந்த கத்தரிச் செடியில் சிற்றிலை நோய் விழுந்தது. இலையெல்லாம் கொத்தமல்லி மாதிரி சின்னஞ்சிறிதாகி, கொத்துக் கொத்தாகச் சிலிர்த்து நின்றது. அதுவும் ஒரு பாக்டீரியாதான், தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது செடிக்குள் விட்டுவிட்டுப் போகிறது. விலங்கியல் படித்தவள் என்பதால் எமில்டாவுக்கு அது தெரியும். பிடுங்கிவிடும்மா, இனி பூக்காது, பக்கத்துச் செடிக்கும் போகும் என்றாள். அம்மா கேட்கவில்லை. பச்சையாகத்தான இருக்கு, இருந்துட்டுப் போவுது என்று தினமும் தண்ணீர் ஊற்றினாள். பூக்காமல் காய்க்காமல் சாகவும் சாகாமல் அது நின்றது. எமில்டா துணி காயப் போடப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த வீட்டுக்குள்தான் அவளும் பல மாதம் வலைக்குள் படுத்துக் கிடந்தாள். காதருகே ரீங்காரம் கேட்டால் எழுந்து விளக்கைப் போடுவாள். ஒரு கொசு கடித்துவிட்டால் அன்றிலிருந்து நாளை எண்ணுவாள், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது முதலில் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று நினைத்தாள். அப்புறம் என்ன நினைத்து வந்தாள் என்று இன்றைக்கும் தெரியாது. முதல் தடவை கையை உள்ளே விட்டபோது கண்ணை இறுக மூடி, அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் எங்கேயோ செபம் நின்றுபோனது, கண் திறந்தது, கொசுக்கள் குடித்துக்கொண்டிருந்தன, அவள் உயிரோடு இருந்தாள். ஊரிலேயே கொசு கடித்தால் செத்துப்போகமாட்டோம் என்று நிச்சயமாகத் தெரிந்த இடம் இது ஒன்றுதான். அன்றைக்கு ராத்திரி, தம்பி போனதற்கு அப்புறம் முதல் முறையாக நன்றாகத் தூங்கினாள். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருந்தாள். கம்பெனியில் ஏசி குளிர் தாங்கவில்லை என்று முழுக்கைச் சட்டை வைத்த சுடிதாராகத் தைத்துக்கொண்டாள். குளிக்கும்போது கதவைத் தாழ்போட்டாள். வெளுக்கப் போடுகிற சட்டையில் ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தானே துவைத்தாள். மீன் கம்பெனிக்குப் போகிறவள் மேல் மீன் வாடையே இல்லையே என்று அம்மா ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"இன்னைக்கு ஒங்க தெருவுக்குத்தான போயிருக்காவ," என்றாள் ரமீஜாக்கா முட்டைத்தாளிலிருந்து தலை நிமிராமல்.

"யாரு?"

"ஐகோர்ட்துரையும் அந்தப் புதுப் பையனும். வீடு வீடாப் போயி பேசுததுக்கு. ஒங்க வார்டுலதான அடுத்து விடப்போறோம். காலையில போகும்போதே ஐகோர்ட்துரை சொல்லிட்டுப் போனான், மொதல்ல எமில்டாக்கா வீட்டுல போயி ஆரம்பிக்கேன், அவிய அம்மான்னா உடனே சரின்னு சொல்லிருவாவ, அதக் காட்டி மத்த வீட்டுலயும் பேசிருவேன்னு."

எமில்டாவின் வலது கை தானாக வெளியே இழுத்தது. துணிக்குழாய் முழங்கையில் இறுகியது. உள்ளே கொசுக்கள் ஒரே கும்பலாக எழுந்து மறுபடியும் உட்கார்ந்தன. "ஏ, இழுக்காத இழுக்காத," என்று ரமீஜாக்கா சத்தம் போட்டாள். "என்னட்டி ஆச்சு? கடி பொறுக்கலியா?" ஒன்றுமில்லை என்றாள். இழுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா. பாதி குடித்த கொசு பாதி முட்டைதான் இடும். துணியோடு பத்துக் கொசு வெளியே வந்தால் அறையைப் பூட்டி ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், அது வரைக்கும் யாரும் வெளியே போக முடியாது. ஃபோன் வெளியே பெட்டகத்தில் இருக்கிறது. ரமீஜாக்காவிடம் சொல்லி ஐகோர்ட்துரைக்குப் பேசச் சொல்லலாம், எங்க வீட்டுக்கு மட்டும் போகாதே என்று. ஏன் என்று கேட்பார்கள். என் அம்மாவுக்கு நான் இங்கே வேலை பார்ப்பது தெரியாது. ஏன் தெரியாது? என் தம்பி. இங்கேயும் தம்பியைப் பற்றிச் சொன்னதில்லை. வீட்டில் இந்த இடம் இல்லை, இந்த இடத்தில் வீடு இல்லை, நடுவில் டவுன் பஸ்ஸில் வருகிற அந்த அரை மணி நேரம்தான் அவள் இரண்டு பேராகவும் இருந்த நேரம். இப்போது போயிருப்பார்களா, தெரு முனையில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்களா? ஐகோர்ட்துரைக்கு எந்த வேலையையும் டீ இல்லாமல் ஆரம்பிக்க வராது. இன்றைக்குச் சீக்கிரம் குடித்திருந்தால்? வலைக்கதவைத் தட்டுவான், அம்மா என்று கூப்பிடுவான், சிரிப்பான், பைக்குள்ளிருந்து கண்ணாடிப் பாட்டிலை எடுப்பான். எல்லா வீட்டிலும் எடுப்பான், பயத்தைப் போக்குவதற்கு, பாருங்க இதான் நம்ம கொசு என்று. அம்மாவின் இடுப்பில் மட்டை இருக்கும். அம்மா அந்தப் பாட்டிலைப் பார்ப்பாள். அம்மா அந்தப் பாட்டிலைப் பார்க்கிற முகத்தை நினைக்க முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கஞ்சித் தூக்கோடு வார்டு வாசலில் நின்ற முகம்தான் வந்தது. எதை நினைத்தாலும் அந்த முகம்தான் வருகிறது. கடிகாரத்தைப் பார்த்தாள். பெரிய முள் நகர்ந்த மாதிரியே இல்லை.

எருக்கஞ்செடியில் மஞ்சளாக அப்பிக் கிடக்குமே அசுவினி, அதைப் பற்றியும் மேடம் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்கள். அதற்குள்ளும் ஒரு பாக்டீரியா, கோடிக்கணக்கான வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். இது இல்லாமல் அது இல்லை, அது இல்லாமல் இது இல்லை. மருந்து கொடுத்து பாக்டீரியாவை மட்டும் கொன்றால் அசுவினி கொஞ்ச நாளில் சுருங்கி மலடாகிவிடும். தனியாக வாழத் தேவையானதையெல்லாம் பாக்டீரியா மறந்துவிட்டது, அசுவினியும் மறந்துவிட்டது. எல்லோரும் ஆ என்று கேட்டுக்கொண்டிருக்க, எமில்டா மட்டும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். சேர்ந்து வாழ்வதா, மாட்டிக்கொள்வதா? அம்மாவுக்கு இப்போது எமில்டாவைத் தவிர யாரும் இல்லை; எமில்டா கதவைத் தாண்டினால் ஜன்னலில் வந்து நிற்பாள், பஸ் ஏறிவிட்டேன் என்று ஃபோன் செய்யும் வரைக்கும் நிற்பாள். ஒருநாள் ராத்திரி விழித்துப் பார்த்தால் அம்மா வலைக்கு வெளியே உட்கார்ந்து, வலையில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளைக் கொசு கடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வாம்மா என்றாள் எமில்டா. நீ தூங்கு என்றாள் அம்மா. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள்? வேலையை விடு என்பாள். விட்டுவிட்டு அந்த வலைக்குள் போய்ப் படுத்துக்கொள்வதா? அதை நினைத்தபோது இரண்டு கையிலும் இத்தனை நேரம் தெரியாமல் இருந்த அரிப்பு எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தது. பல்லைக் கடித்தாள். விரலை அசைக்கக் கூடாது. அசைத்தால் எழுந்துவிடும்.

ரமீஜாக்காவின் ஃபோன் அடித்தது. அறைப் பொறுப்பு அவளுடையது என்பதால் அவள் மட்டும் உள்ளே ஃபோன் வைத்துக்கொள்ளலாம். "ஐகோர்ட்துரைதான்," என்று எடுத்தாள். "சொல்லு... யாரு? எமி அம்மாவா?... எதுக்கு?... குடுக்க மாட்டேங்காவளா?" கேட்கக் கேட்க ரமீஜாக்காவின் முகம் எமில்டா பக்கம் திரும்பியது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள். "ஒங்கம்மா பாட்டிலப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காவளாம். திருப்பித் தர மாட்டேங்காவளாம். நீ பேசுனாத்தான் தருவேன்னு சொல்லுதாவளாம். ஏட்டி, நீ வீட்டுல சொல்லவே இல்லியா?" எமில்டா தலையை ஆட்டினாள், இல்லை என்று. ரமீஜாக்கா குனிந்து ஃபோனை அவள் காதில் வைத்துப் பிடித்தாள்.

"ஏட்டி எமி."

"அம்மா."

"எங்க இருக்க?"

கம்பெனியில் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஐகோர்ட்துரை சொல்லியிருப்பான் என்பது தெரிந்தும் வந்தது. "கொசு வளக்குத எடத்துல இருக்கேம்மா."

"மீன் கம்பெனிக்குப் போவலியா?"

"போனதே இல்லம்மா."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள், ஐகோர்ட்துரையாக இருக்கும். வீட்டுக்குள் வந்து, வலைக்கதவும் திரையும் சாத்திய கூடத்தில், அம்மாவுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு அவன் நிற்பது எமில்டாவுக்குத் தெரிந்தது. பாட்டில் இல்லாமல் அவன் திரும்ப முடியாது.

"இந்தப் பையன் சொல்லுதான், இதுக்குள்ள இருக்கதெல்லாம் ஒன் ரத்தத்தக் குடிச்சு வளந்ததுவளாம். நெசமா?"

"அதுவ இல்லம்மா. அதுவளப் பெத்ததுவ."

"இப்ப என்ன செய்யுத?"

"கை உள்ள இருக்கு."

"எந்தக் கை?"

"ரெண்டு கையும்."

கத்துவாள் என்று எமில்டா காத்திருந்தாள். கத்திவிட்டால் நன்றாக இருக்கும், கத்துகிறவளிடம் பதில் சொல்லலாம். அம்மா கத்தவில்லை. எமில்டாதான் மடமடவென்று ஆரம்பித்தாள். "அம்மா, அதுவளால காய்ச்சல் வராதும்மா, அதுக்குள்ள ஒரு கிருமி இருக்கு, நமக்கு ஒண்ணும் செய்யாது, அது இருந்தா டெங்குக் கிருமி வளர முடியாது..." ஐகோர்ட்துரை வீடு வீடாகச் சொல்கிற அதே வார்த்தை, அதே வரிசை. சொல்லச் சொல்ல அவளுக்கே யாரோ சொல்கிற மாதிரி இருந்தது.

"அதெல்லாம் பையன் சொன்னான். தாய்கிட்டருந்து பிள்ளைக்குப் போவுமாம். தகப்பன்கிட்டருந்து போவாதாம். படம் போட்டுக் காமிச்சான்." அம்மா நிறுத்தினாள். "நான் ஒண்ணு கேக்கேன். என்ட்ட பொய் சொல்லாத. இத்தன நாளு கையக் குடுக்கியே. கடிச்சா வலிக்குமா?"

"பழகிப்போச்சும்மா."

"ஒனக்கு இல்ல." மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே குரல் வரவில்லை, ரமீஜாக்கா ஃபோனை இன்னும் அழுத்திப் பிடித்தாள். "தனிசுக்கு வலிச்சிருக்குமா?"

அந்தப் பெயரை அம்மா சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கும்போதுகூட எமில்டாதான் கொடுப்பாள், அம்மா பக்கத்தில் நிற்பாள். எந்தக் கடி, எப்போது, எங்கே என்று யாருக்கும் தெரியாத அந்த ஒரு கடியைத்தான் இந்த இரண்டு வருஷமும் அம்மா வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாளா? தேடி, அதன் முன்னால் போய் நின்று, மறித்து, அவன் தோளிலிருந்து தட்டிவிடப் பார்த்துக்கொண்டிருந்தாளா? எமில்டா தன் வலது கையைப் பார்த்தாள். வலைக்குள் கறுப்பாக இருந்தது. இத்தனை நாள் இத்தனை கடி வாங்கியும் அவள் ஒருநாளும் அதைக் கேட்டுப் பார்த்ததில்லை. தன் பயம் போனதா இல்லையா என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தாள். ஒன்று புதிதாக வந்து சுண்டுவிரல் ஓரம் உட்கார்ந்தது, ஊசியை இறக்கியது. காத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"இல்லம்மா. தெரிஞ்சிருக்காது. இப்பக்கூட ஒண்ணு கடிக்கி, பாத்துக்கிட்டே இருக்கேன், தெரியல. அவன் எங்கயாவது பேசிச் சிரிச்சுக்கிட்டு நின்னுருப்பான். பந்து பொறுக்கிக்கிட்டு இருந்திருப்பான். தெரிஞ்சே இருக்காதும்மா."

"நெசமாத்தான?"

"நெசமாத்தாம்மா."

அம்மா அழுதாளா என்று தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது, அப்புறம் ஃபோனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு பேசுவது கேட்டது. "இந்தாரும் தம்பி, கொண்டு போங்க. இந்த வீட்டுல விட வேண்டாம். எனக்கு ஏலாது. மத்த வீட்டுல கேட்டுப் பாருங்க, நான் ஒண்ணும் குறுக்க நிக்க மாட்டேன்." சரிம்மா, சரிம்மா என்று ஐகோர்ட்துரை சொன்னான். மறுபடி குரல் கிட்டே வந்தது. "எமி, கைய எப்ப எடுப்ப?"

"இன்னும் செத்த நேரத்துல."

"எடுத்துட்டு வீட்டுக்கு வா. நாளைக்குப் போவணுமா வேண்டாமாங்கத அப்புறம் பேசிக்கிடுவோம்."

"போவணும்மா," என்றாள் எமில்டா. அதற்குள் அம்மா வைத்துவிட்டிருந்தாள், கேட்டதோ கேட்கவில்லையோ.

ரமீஜாக்கா ஃபோனைப் பைக்குள் போட்டாள். தன் துப்பட்டா நுனியை எடுத்து எமில்டாவின் கண்ணை, கன்னத்தை, மூக்கை எல்லாம் சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தாள். திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்து, "நேரம் ஆயிட்டுட்டி. எடு, மெதுவா ஒதறிட்டு எடு," என்றாள். எமில்டா இடது கையை உள்ளேயே இரண்டு தரம் ஆட்டினாள். வயிறு சிவப்பாகப் புடைத்த கொசுக்கள் பறக்க மாட்டாமல் தொப்பென்று வலைச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டன. ரமீஜாக்கா வளையத்தைக் கழற்ற, கை துணிக்குழாய் வழியாக வெளியே வந்தது. வெளிச்சத்தில் அது யாருடைய கையோ மாதிரி இருந்தது, அப்புறம் தன் கையாக ஆயிற்று. வீட்டுக்குப் போக வேண்டும். திரையைத் தள்ளி, வலைக்கதவைச் சாத்தி, அம்மாவுக்கு எதிரே உட்கார வேண்டும். அம்மா கையை நீட்டு என்பாள், நீட்ட வேண்டும். நாளைக்கு என்ன என்பது அதற்கு அப்புறம். வலது கையில் எல்லாம் போய் ஒன்று மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தது, சுண்டுவிரல் ஓரம், தலை குனிந்தபடி. "அதயும் ஒதறு," என்றாள் ரமீஜாக்கா. "இரு அக்கா," என்றாள் எமில்டா. அது குடித்து முடிக்கட்டும் என்று கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.